முட்டி ஆபரேஷனுக்கு முதுகுல ஊசி: அம்மாவோட பயத்துக்கு ஒரு மயக்க டாக்டரோட பதில்

தம்பி, நீங்க கேட்டத மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. அம்மாவுக்கு 63 வயசு, கடலூர் திருப்பாப்புலியூர்ல இருக்கீங்க, முட்டி ரெண்டும் தேஞ்சுபோய் மாடிப்படி ஏற முடியல. பாண்டியில ஒரு ஆஸ்பத்திரியில வலது முட்டிய மாத்திடலாம்னு சொல்லி தேதியும் குடுத்தாங்க, சுகரும் பிபியும் இருக்கு, அம்மா ரெண்டு தடவ தேதிய தள்ளிப்போட்டுட்டாங்க. கத்திக்கு பயமில்ல, மயக்க ஊசிக்குத்தான் பயம். முதுகுல போட்டா ஆயுசுக்கும் முதுகுவலி வரும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க, முழு மயக்கம் குடுத்தா கண்ணு முழிக்காமயே போயிடுவேனோ, இல்ல நடுவுல முழிச்சிக்குவேனோ, அப்புறம் புத்தி கலங்கிடுமோன்னு அம்மா ராத்திரி தூங்காம பொலம்பறாங்க.

நான் 22 வருஷமா மயக்க டாக்டரா இருக்கேன், கடலூர்லயும் பாண்டியிலயும் மாறி மாறி வேலை பாத்திருக்கேன். உங்க அம்மா கேட்ட கேள்வி எல்லாமே வாரத்துக்கு நாலு பேர் என்கிட்ட கேக்கறதுதான், ஒண்ணுகூட அசட்டுத்தனமான கேள்வி இல்ல. (ஆபரேஷன் தியேட்டர ஓ.டி.ன்னு எழுதினா கடலூர்க்காரங்க ஓல்டு டவுன்னுதான் எடுத்துக்குவாங்க, அதனால நான் தியேட்டர்னே எழுதறேன்.)

நீங்க கடைசியில போறபோக்குல ஒண்ணு எழுதியிருந்தீங்க, எனக்கு அதான் ரொம்ப முக்கியமா பட்டுச்சு. 1992-ல உங்க பிரசவத்துக்கு முதுகுல ஊசி போட்டு சிசேரியன் பண்ணப்போ அம்மாவால ஒரு வாரம் தலையையே தூக்க முடியல, எழுந்து உக்காந்தா மண்டை பொளக்கற மாதிரி வலி, படுத்தா போயிடும், குழந்தைக்கு பால்கூட படுத்துக்கிட்டே குடுத்தாங்கன்னு. பாருங்க, அம்மாவோட பயம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால வந்தது இல்ல, அவங்க ஒடம்பே அனுபவிச்சது. "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா"ன்னு நீங்க சொல்ல சொல்ல அவங்க பிடிவாதம் பிடிக்கறதுக்கு காரணமும் அதுதான், அவங்களுக்குத்தான் ஆச்சே. அதனால மொதல்ல அம்மாகிட்ட போய், "நீ சொன்னது நெஜம்தாம்மா, அதுக்கு பேரு இருக்கு, காரணம் இருக்கு, இப்ப அது ரொம்ப கொறஞ்சிருக்கு"ன்னு சொல்லுங்க.

காரணம் என்னன்னா, நம்ம தண்டுவடத்த சுத்தி ஒரு பை இருக்கு, அதுல தண்ணி மாதிரி ஒரு திரவம், மூளையும் அதுலதான் மிதந்துக்கிட்டு இருக்கு. ஸ்பைனல், அதான் இந்த முதுகு ஊசி, போடும்போது அந்தப் பையில ஊசி ஒரு ஓட்டை போடுது. ஓட்டை பெருசா இருந்தா அந்த தண்ணி உள்ளுக்குள்ளயே கசியும், உக்காந்தா நின்னா மூளைக்கு அடியில இருக்க வேண்டிய தாங்கல் கொறஞ்சு தலைவலி வரும், படுத்தா சரியாகும். அம்மாவுக்கு வந்தது அச்சு அசலா இதுதான். 1898-ல ஜெர்மனியில ஆகஸ்ட் பியர்னு ஒரு சர்ஜன்தான் இந்த ஊசிய மொதமொதல்ல ஆபரேஷனுக்கு பயன்படுத்தினாரு, அவரு தன் மேலயே சோதிச்சு பாக்கப்போய் அவருக்கே இந்த தலைவலி வந்து நாள் கணக்கா படுத்துக்கெடந்தாரு, அத எழுதியும் வெச்சிருக்காரு.

அப்ப 92-க்கும் இப்பவுக்கும் என்ன வித்தியாசம்? அந்தக் காலத்துல பல இடத்துல 22 கேஜ் மாதிரி தடிமனான ஊசி, அதையே கொதிக்க வெச்சு திரும்ப திரும்ப போடுவாங்க, முனை மழுங்கிப் போயிருக்கும். இப்ப 25, 27 கேஜ், நம்பர் ஏற ஏற ஊசி மெலிசு, ஒருத்தருக்கு போட்டுட்டு தூக்கிப் போட்டுடுவோம். பென்சில் முனை மாதிரி ஒரு வகை இருக்கு, அது பைய கிழிக்காம நாரை ஒதுக்கிட்டு உள்ள போகும், அதுல இந்த தலைவலி இன்னும் கொறச்சல். இன்னொண்ணு, இந்த தலைவலி சின்ன வயசு பொம்பளைங்களுக்கு, அதுவும் பிரசவ சமயத்துலதான் அதிகம், வயசாக ஆக கொறஞ்சுடும். அம்மா அப்ப இருந்த வயசு வேற, இப்ப 63. அப்படியும் வந்துட்டா தண்ணி ஆகாரம், பாராசிட்டமால், காபியில இருக்கற கஃபீன் இதுலயே பெரும்பாலும் சில நாள்ல அடங்கிடும், அடங்கலன்னா அவங்க கையிலேருந்தே 15, 20 மில்லி ரத்தம் எடுத்து முதுகுல அந்த ஓட்டை பக்கத்துல செலுத்துவோம், அது உறைஞ்சு ஓட்டைய அடைச்சிடும், நெறைய பேரு அன்னிக்கே எழுந்து உக்காந்துடுவாங்க. இந்த வைத்தியம் இருக்குன்னு 92-ல அம்மாகிட்ட யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பிஏசிக்கு போகும்போது, அதான் ஆபரேஷனுக்கு முன்னாடி மயக்க டாக்டர் பாக்கற செக்கப், "எனக்கு போன தடவ இந்த மாதிரி தலைவலி வந்துச்சு, மெல்லிசு ஊசி போடுவீங்களா"ன்னு அம்மா வாயாலயே கேக்கச் சொல்லுங்க.

அடுத்தது முதுகுவலி. ஊசி போட்ட எடத்துல ரெண்டு மூணு நாள் தொட்டா வலிக்கும், இல்லன்னு சொல்லல. ஆனா வருஷக்கணக்கா வர்ற முதுகுவலிக்கு இந்த ஊசி காரணம் இல்ல. ஊசி போட்டுக்கிட்ட தாய்மார்களையும் போட்டுக்காதவங்களையும் நீண்ட நாள் வெச்சு பாத்திருக்காங்க, ரெண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் முதுகுவலி. பக்கத்து வீட்டு அக்காவுக்கு வலி இருக்கறது உண்மைதான், குழந்தைய இடுப்புல தூக்கறது, குனிஞ்சு பால் குடுக்கறது, கீழ உக்காந்து அரியறது, தண்ணி கொடம் தூக்கறது, வயித்து தசை தளர்ந்துபோறது இதெல்லாம் சேந்து வர்ற வலி அது. அவங்களுக்கு ஞாபகத்துல நிக்கறது அந்த ஊசி மட்டும்தான், பழி அது மேல விழுந்துடுது.

கால் வெளங்காம போயிடுமான்னும் ஒரு பயம் இருக்கும், அம்மா வெளிய சொல்லியிருக்க மாட்டாங்க. ஊசி போடற எடம் இடுப்பு எலும்பு மட்டத்துக்கு கொஞ்சம் மேல கீழ, பெரியவங்களுக்கு தண்டுவடம் அதுக்கு மேலயே முடிஞ்சிடும், கீழ குதிரைவால் மாதிரி நரம்புங்கதான் தண்ணியில மிதக்கும். பிரிட்டன்ல 2009-ல நாடு முழுக்க கணக்கெடுத்ததுல, முதுகு ஊசி போட்டுக்கிட்ட 1 லட்சம் பேர்ல நிரந்தர பாதிப்பு 2-லேர்ந்து 4 பேருக்குத்தான். சுத்தமா இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா கணக்கு இதுதான்.

தியேட்டர்ல என்ன நடக்கும்னு தெரிஞ்சாலே பாதி பயம் போயிடும், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன், அம்மாவுக்கு படிச்சு காட்டுங்க. உள்ள போனதும் குளிரும், ஏசி அப்படி. கையில ஊசி போட்டு ட்ரிப் ஏத்துவாங்க, நெஞ்சுல மூணு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க, விரல்ல ஒரு கிளிப், அது அம்மாவோட நாடித்துடிப்புக்கு ஏத்தமாதிரி பீப் பீப்னு சத்தம் போட்டுக்கிட்டே இருக்கும். டேபிள்ல உக்கார வெச்சு ஒரு தலகாணிய கட்டிப்புடிச்சுக்கச் சொல்லுவாங்க, மோவாய நெஞ்சுல வெச்சு முதுக வளைக்கணும், இறால் மாதிரி சுருண்டு உக்காருங்கன்னு நான் சொல்லுவேன், நம்மூரு ஆளுங்களுக்கு அது சட்டுனு புரியும். மருந்து தடவும்போது முதுகுல சில்லுனு இருக்கும், அப்புறம் எறும்பு கடிக்கற மாதிரி ஒரு மரப்பு ஊசி, அதுக்கப்புறம் பெரிய ஊசி போகும்போது அழுத்தம்தான் தெரியும். உள்ள போற மருந்து 3 மில்லி அளவுதான். மொதல்ல பாதம் வெதுவெதுன்னு சூடாகும், அப்புறம் காலு ரெண்டும் மரக்கட்டை மாதிரி கனக்கும், தூக்கச் சொன்னா தூக்க வராது. பஞ்சுல ஸ்பிரிட் நனைச்சு தொடையில வெச்சு சில்லுனு தெரியுதான்னு கேப்போம், தெரியலன்னு சொன்னாதான் ஆபரேஷன் ஆரம்பிக்கும். இந்த ஊசி போட்டதும் சில பேருக்கு பிபி எறங்கும், குமட்டல், தலைசுத்தல் வரும், ஒடனே சொல்லிடச் சொல்லுங்க, ட்ரிப் வழியா மருந்து குடுத்தா ஒரு நிமிஷத்துல சரியாகிடும்.

முட்டி ஆபரேஷன்ல இன்னொரு விஷயம், எலும்ப அறுக்கற ரம்பம், சுத்தியல் சத்தம் எல்லாம் கேக்கும். வலிக்காது, ஆனா அந்த "டக் டக்" சத்தமும் காலு லேசா ஆடறதும் தெரியும். போன வருஷம் நெல்லிக்குப்பம் பக்கத்துலேருந்து ஒரு ஆயா, "யம்மா, தச்சன் வேலை நடக்குதா இன்னா"ன்னு என் கையப் புடிச்சுக்கிட்டு கேட்டாங்க, ட்ரிப்ல லேசா தூக்கத்துக்கு மருந்து போட்டதும் கொறட்டை விட்டு தூங்கிட்டாங்க. அம்மாவுக்கு சத்தம் கேக்க வேணாம்னா முன்னாடியே சொல்லுங்க, தூங்க வெச்சிடலாம், இல்ல காதுல ஹெட்போன் போட்டு பாட்டு கேக்க விடுவாங்க, கேட்டா குடுக்கற விஷயம்தான்.

ஸ்பைனல் முடியாதவங்களுக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க, முதுகெலும்புல ஆபரேஷன் ஆனவங்க, அவங்களுக்கெல்லாம் முழு மயக்கம். கண்ணு முழிக்காம போயிடுவேனோங்கற பயம் இங்கதான். எல்லாரும் மயக்க மருந்த ஒரே ஊசின்னு நெனைச்சுக்கறாங்க, போட்டாச்சு, இனிமே அது எப்ப தெளியுதோ அப்பதான்னு. அப்படி இல்ல தம்பி. ஆரம்பத்துல போடற ஊசி, பால் மாதிரி வெள்ளையா இருக்கும், ப்ரொபோஃபால், அதோட வேகம் சில நிமிஷத்துலயே கொறஞ்சுடும். அதுக்கப்புறம் தூக்கத்த தொடர்றது மூச்சு வழியா போற கேஸ்தான், அடுப்புல தீய கூட்டி கொறைக்கற மாதிரி நாங்க நிமிஷத்துக்கு நிமிஷம் கூட்டி கொறைச்சுக்கிட்டு இருப்போம், ஆபரேஷன் முடிஞ்சு நிறுத்தினா 10, 15 நிமிஷத்துல பேரு சொல்லி கூப்பிட்டா கண்ண தொறப்பாங்க. மயக்கம் குடுத்துட்டு டாக்டர் போயிடுவாருன்னு நெறைய பேரு நெனைக்கறாங்க, இல்லவே இல்ல, தையல் போட்டு முடியற வரைக்கும் தலைமாட்டுலதான் நிப்போம், வெளிய விடற மூச்சுக்காத்துல கரியமில வாயு எவ்வளவு வருதுங்கறதுவரைக்கும் ஸ்கிரீன்ல ஓடிக்கிட்டு இருக்கும். நல்ல ஆரோக்கியமா இருக்கற ஒருத்தர் மயக்க மருந்தால மட்டுமே சாகறதுங்கறது வளர்ந்த நாடுகள்ல 1 லட்சத்துல ஒருத்தர் அளவுக்குத்தான். நம்ம ஊர்ல அது நீங்க போற எடத்தப் பொறுத்து மாறும், அதனால ஒரு கேள்வி கேளுங்க, "மயக்கம் குடுக்கப்போறது யாரு, அந்த டாக்டர முன்னாடியே பாக்க முடியுமா"ன்னு. அதுக்குன்னு தனியா படிச்ச டாக்டர் இருக்கணும், டெக்னீஷியன் உதவிக்குத்தான். சர்ஜன் யாருன்னு பத்து பேர்கிட்ட விசாரிக்கறோம், மயக்க டாக்டர் பேர்கூட தெரியாம டேபிள்ல படுத்துடறோம், எனக்கு இது எப்பவுமே வருத்தம்தான்.

நடுவுல முழிச்சிக்கறது? நடக்கும், ரொம்ப அபூர்வமா. பிரிட்டன்லயும் அயர்லாந்துலயும் 2014-ல வெளியிட்ட பெரிய ஆய்வுல சுமார் 19,000 முழு மயக்கத்துக்கு ஒருத்தர்னு வந்துச்சு, அதுலயும் அவசர சிசேரியன் மாதிரி கேஸ்லதான் கூடுதல். முட்டி ஆபரேஷனுக்கு ஸ்பைனல் போட்டு லேசா தூங்க வெச்சா நடுவுல முழிக்கறது சகஜம், அது வேற, அது தப்பு இல்ல, வலி இருக்காது. மயக்கத்துல உளறி வீட்டு ரகசியத்தையெல்லாம் சொல்லிடுவோமோன்னு சில பேரு கேப்பாங்க, முக்கியமா ஆம்பளைங்க. வாயில டியூப் இருக்கும்போது பேசவே முடியாது, தெளியும்போது ரெண்டு வார்த்தை முணுமுணுப்பாங்க, "தண்ணி", "முடிஞ்சுதா", அவ்வளவுதான்.

இப்ப நான் உண்மையிலயே பயப்படற விஷயத்துக்கு வர்றேன். ஊசிக்கு பயப்படறவங்க யாரும் காலையில குடிக்கற அரை டம்ளர் காபிக்கு பயப்படறதில்ல. டேபிள்ல படுக்க வெச்சு "என்னம்மா சாப்பிட்டீங்க"ன்னு கேட்டா "ஒண்ணும் சாப்பிடலம்மா"ம்பாங்க, அவங்க பொய் சொல்லல, நம்ம ஊர்ல சாப்பிடலன்னா இட்லி சோறு சாப்பிடலன்னுதான அர்த்தம். "காபி, டீ எதாவது குடிச்சீங்களா"ன்னு திருப்பிக் கேட்டா, "அது மட்டும் குடிச்சேன், வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாதுல்ல"ன்னு பதில் வரும். மயக்கம் குடுத்ததும் தொண்டையில இருக்கற காப்பு போயிடுது, வயித்துல இருக்கறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடலாம். பாலும் எண்ணையும் கலந்தது போச்சுன்னா நுரையீரல் புண்ணாயிடும். நான் வேலைக்கு சேந்த மூணாவது வருஷம், ஒரு ஆஸ்பத்திரியில குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்த 40 வயசு ஆளு, விடிகாலையில எதுத்த கடையில டீயும் பன்னும் சாப்பிட்டுட்டு வந்திருக்காரு, மூணு தடவ கேட்டும் சொல்லல, சொன்னா ஆபரேஷன தள்ளிப்போட்டுடுவாங்க, இன்னொரு நாள் லீவு கெடைக்காதுன்னு நெனைச்சிருக்காரு. மயக்கம் குடுத்ததும் வாந்தி வந்துச்சு. எல்லா ஏற்பாடும் இருந்து, ஒடனே உறிஞ்சி எடுத்தும், அவரு நாலு நாள் வென்டிலேட்டர்ல இருந்தாரு. பொழைச்சுட்டாரு. அவரோட பொண்டாட்டி ஐசியு வாசல்ல உக்காந்து "நான்தான் டீக்கடைக்கு போயிட்டு வான்னு காசு குடுத்தேன்"னு சொல்லி அழுதது எனக்கு இன்னும் மறக்கல.

அதனால கணக்க சரியா வெச்சுக்குங்க. எண்ணெய் பலகாரம், கறி மீன், பிரியாணி மாதிரி கனமான சாப்பாட்டுக்கு 8 மணி நேரம், இட்லி மாதிரி லேசான சாப்பாடு, பால், பால் காபி, பால் டீ எல்லாத்துக்கும் 6 மணி நேரம், வெறும் தண்ணி ஆபரேஷனுக்கு 2 மணி நேரம் முன்னாடி வரைக்கும். இதுல இன்னொரு தப்பும் நடக்குது, ராத்திரி 9 மணிக்கு மேல பச்சத்தண்ணிகூட குடிக்கக்கூடாதுன்னு வீட்டுல சொல்லி மறுநாள் மதியம் வரைக்கும் காய விடறது. சுகர் இருக்கறவங்கள அப்படி போடக்கூடாது, நாக்கு வறண்டு, சுகர் எறங்கி, தலைவலியோட வருவாங்க. உங்க ஆஸ்பத்திரியில எத்தனை மணிக்கு கேஸுன்னு கேட்டு, தண்ணி எப்ப வரைக்கும் குடிக்கலாம்னு தெளிவா கேளுங்க, இளநீர், ஜூஸ் இதுக்கும் அவங்களையே கேட்டுக்குங்க. சுகர்காரங்க கேச லிஸ்ட்ல மொதல்ல போடச் சொல்லலாம், தப்பே இல்ல.

மாத்திரை விஷயத்துல நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, நீங்களா எதையும் தொடராதீங்க. வீட்டுல இருக்கற எல்லா ஸ்ட்ரிப்பையும் ஒரு மஞ்சப்பையில போட்டு பிஏசிக்கு எடுத்துட்டு போங்க, பேரு சொல்லத் தெரியலன்னா பரவால்ல, நாங்க பாத்துக்கறோம். சுகர் மாத்திரையில டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாதிரி கிளிஃப்ளோசின்னு முடியற ரகம் இருந்தா பொதுவா 3 நாள் முன்னாடியே நிறுத்துவோம், இல்லன்னா சுகர் நார்மலா காட்டும்போதே ரத்தத்துல அமிலம் ஏறலாம். பிபி மாத்திரையில சிலது அன்னிக்கு காலையிலயும் ஒரு வாய் தண்ணியோட போடணும், டெல்மிசார்டான் மாதிரி சிலத அன்னிக்கு வேணாம்பாங்க. க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாம தடுக்கறது இருந்தா ஸ்பைனலுக்கு பல நாள் முன்னாடியே முடிவு பண்ணணும், அதையும் இதய டாக்டரோட பேசித்தான். எச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட், ரொம்ப அதிகமா இருந்தா, 8.5-க்கு மேலன்னு வெச்சுக்குங்க, பல எடத்துல ஆபரேஷன கொஞ்சம் தள்ளிவெச்சு சுகர கொறைச்சுட்டு வாங்கம்பாங்க, புதுசா வெச்ச மூட்டுல சீழ் புடிக்கக் கூடாதுங்கறதுக்காகத்தான் அது, கோச்சுக்காதீங்க.

முட்டி வலிக்காரங்க கிட்ட நான் விடாம கேக்கற கேள்வி ஒண்ணு இருக்கு. "யாராவது பொடி, உருண்டைன்னு பேரு போடாத பொட்டலத்துல மருந்து குடுத்தாங்களா?" முறையா படிச்ச சித்த மருத்துவர் எழுதிக் குடுக்கற மருந்த நான் சொல்லல, சந்தையில, வண்டியில வந்து குடுக்கற பேரில்லாத பொடிய சொல்றேன். சாப்பிட்டா ரெண்டே நாள்ல வலி பறந்துடுதுன்னா அதுல ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு நெறைய. மாசக்கணக்கா அத சாப்பிட்டவங்களுக்கு ஒடம்பு தானா சுரக்கற ஸ்டீராய்டு நின்னுபோயிருக்கும், ஆபரேஷன் அன்னிக்கு பிபி அதல பாதாளத்துக்கு போயிடும், எங்களுக்கு காரணமே புரியாது. முன்னாடியே தெரிஞ்சா ஒரு ஊசியில சமாளிச்சிடலாம். அம்மா எப்பவாவது சாப்பிட்டிருந்தா திட்டாம கேளுங்க, திட்டினா மறைப்பாங்க.

வெத்தலை பாக்கு புகையிலை போடற பழக்கம் அம்மாவுக்கு இருந்தா அதையும் சொல்லணும். வருஷக்கணக்கா போட்டவங்களுக்கு வாய் முழுசா தொறக்காது, டியூப் போடறது கஷ்டம். பிஏசியில வாயத் தொறங்க, நாக்க நீட்டுங்க, மூணு வெரல் உள்ள போகுதா பாருங்கன்னு சொல்றது இதுக்குத்தான், கழுத்த மேல தூக்கச் சொல்றதும் அதுக்குத்தான். ஆடற பல் இருந்தா காட்டிடணும், பல்செட்ட கழட்டிடணும். வீட்டு ஆம்பளைங்களுக்கு ஆபரேஷன்னா குடிப்பழக்கத்தையும் அப்படியே சொல்லணும். சம்சாரம் பக்கத்துல இருந்தா எவரும் சொல்ல மாட்டாங்க, அதனால நான் அவங்கள வெளிய ஒரு நிமிஷம் உக்காரச் சொல்லிட்டுத்தான் கேப்பேன். தெனம் குடிக்கறவரு திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணாவது நாள் கை நடுங்கி, இல்லாதது எல்லாம் கண்ணுக்கு தெரிஞ்சு, கட்டு டியூப் எல்லாத்தையும் பிச்சு எறிவாரு, "மயக்க மருந்து மூளைய கெடுத்துடுச்சு"ன்னு சொந்தக்காரங்க சண்டைக்கு வருவாங்க. முன்னாடியே தெரிஞ்சா அதுக்கும் மருந்து குடுத்துடலாம்.

குடும்பத்துல யாருக்காவது மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆச்சுன்னா, ஆபரேஷன் நடுவுல காய்ச்சல் எகிறி ஆபத்தாச்சுன்னா, அது 20 வருஷத்துக்கு முன்னாடின்னாலும் சொல்லணும். ஒரு தசை தளர்த்தற மருந்த உடைக்கற என்சைம் சில பேருக்கு பிறவியிலயே கொறச்சலா இருக்கும், நம்ம நாட்டுல வைசிய சமூக குடும்பங்கள்ல இது கூடுதலா இருக்குன்னு ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. அவங்களுக்கு அந்த ஒரு மருந்த மட்டும் தவிர்த்துட்டா போதும்.

தாலி, மெட்டிய கழட்டச் சொல்லுவாங்க, அம்மா அதுக்கும் அழுவாங்க, தெரியும். கரண்டுல ரத்தத்த அடைக்கற கருவி இருக்கு, உலோகம் ஒடம்புல பட்டுக்கிட்டு இருந்தா சுடலாம், வீக்கத்துல விரல் இறுகிடும். மஞ்சக்கயித்துல ஒரு மஞ்சக்கெழங்கு கட்டி கழுத்துல போட்டுக்கலாம், நெறைய பேரு அப்படித்தான் வர்றாங்க, நாங்க ஒண்ணும் சொல்றதில்ல. நகப்பூச்சு வேணாம், அடர்த்தியா மருதாணி வெச்சிருந்தா ஒரு விரலையாவது விட்டு வைங்க, ஆக்சிஜன் பாக்கற கிளிப் அதுல மாட்டணும்.

முடிஞ்சதுக்கு அப்புறம் வர்றதையும் சொல்லிடறேன். கிடுகிடுன்னு நடுங்குவாங்க, காய்ச்சல் இல்ல அது, தியேட்டர் குளிரும் ஸ்பைனலும் சேந்து ஒடம்பு சூட்ட எறக்கிடும், கம்பளி போத்தி ஒரு ஊசி போட்டா நின்னுடும். அதுக்காக வீட்டுலேருந்து வெந்நீர் பை கொண்டாந்து மரத்துப்போன கால்ல வெக்காதீங்க, சுடறது அவங்களுக்கு தெரியாது, கொப்புளம் கெளம்பினப்புறம்தான் நமக்கே தெரியும். கால் ஒணர்ச்சி திரும்ப 3, 4 மணி நேரம் ஆகும், சில பேருக்கு கூட. ஒண்ணுக்கு போக கஷ்டமா இருக்கும், அடிவயிறு முட்டிக்கிட்டு இருந்தா சொல்லணும். முழு மயக்கம்னா தொண்டை ரெண்டு நாள் கரகரன்னு இருக்கும், டியூப் போட்டதால. குமட்டல், வாந்தி மூணுல ஒருத்தருக்கு வரும், பொம்பளைங்க, பஸ்ல போனா வாந்தி எடுக்கறவங்க, இவங்களுக்கு அதிகம், அம்மா கடலூர்லேருந்து பாண்டி போறதுக்குள்ளயே பிளாஸ்டிக் கவர் தேடற ஆளுன்னா அத பிஏசியில சொல்லிடுங்க, முன்கூட்டியே மருந்து போட்டுடுவாங்க. ஸ்பைனல் போட்டா தலகாணி வெக்காம 24 மணி நேரம் படுங்கன்னு சொல்லுவாங்க, அது தலைவலிய தடுக்கறதில்லன்னு இப்ப தெரிஞ்சாச்சு, ஆனாலும் கால் முழுசா திரும்பறவரைக்கும் படுத்திருக்கறது நல்லது, திடீர்னு எழுந்தா பிபி எறங்கி விழுந்துடுவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா கொட்டும், மயக்க மருந்துன்னு திட்டுவாங்க, பெரிய ஆபரேஷன், காய்ச்சல், பிரசவம் எதுக்கப்புறமும் ஒடம்பு அப்படி பண்ணும், தானா மொளைச்சிடும்.

வலிய பத்தி கண்டிப்பா சொல்லணும். முட்டி மாத்தினா வலி கடுமையா இருக்கும், ஸ்பைனல் தெளிஞ்ச அன்னிக்கு ராத்திரிதான் உச்சம். நம்ம அம்மாக்கள் பல்ல கடிச்சுக்கிட்டு "பொறுத்துக்கறேன்"ம்பாங்க. அம்மாவ பொறுக்க விடாதீங்க. வலிச்சா நடக்க மாட்டாங்க, இருமி சளிய வெளிய எடுக்க மாட்டாங்க, கெடையிலயே கெடந்தா நெஞ்சுல சளி கட்டும், கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையும், மடங்க வேண்டிய முட்டி இறுகிடும். தொடையில நரம்ப மரத்துப்போக வெக்கற பிளாக் போடுவீங்களான்னு முன்னாடியே கேளுங்க, அல்ட்ராசவுண்ட்ல பாத்து போடறது, மறுநாள் நடக்க வெக்க ரொம்ப ஒதவும். வலி ஊசிக்கு அடிமையாயிடுவாங்களோன்னு பயப்பட வேணாம், சில நாளைக்கு டாக்டர் சொன்ன அளவுல போட்டா அந்த பயம் தேவையே இல்ல.

புத்தி கலங்கறது. வயசானவங்களுக்கு ஆபரேஷன் முடிஞ்ச ஒண்ணு ரெண்டு நாள்ல, முக்கியமா ராத்திரியில, எடம் தெரியாம பேசறது, செத்துப்போன அப்பாவ கூப்பிடறது இதெல்லாம் நடக்கலாம், 63-ங்கறது அவ்வளவு பெரிய வயசு இல்ல, இருந்தாலும் தெரிஞ்சு வெச்சுக்குங்க. காரணம் மயக்க மருந்து மட்டும் இல்ல, வலி, தூக்கமில்லாதது, மலச்சிக்கல், உப்பு கொறையறது, புது எடம் எல்லாம் சேந்துதான். கண்ணாடியும் காது மெஷினும் இருந்தா முடிஞ்சதும் ஒடனே மாட்டி விடுங்க, பகல்ல ஜன்னல் தெறந்து வைங்க, கூட தெரிஞ்ச மொகம் ஒருத்தர் இருக்கணும், இன்னிக்கு என்ன கெழம, எந்த ஆஸ்பத்திரின்னு சும்மா பேச்சுக்கு சொல்லிக்கிட்டே இருங்க. பெரும்பாலும் சில நாள்ல தெளிஞ்சிடும், நர்ஸ்கிட்ட சொல்லாம மட்டும் இருக்காதீங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் எதுக்கு பதறணும்னா, உக்காந்தா மட்டும் வர்ற தலைவலி, காய்ச்சலோட கழுத்து விறைக்கறது, ஒரு தடவ நல்லா வேலை செஞ்ச காலு திரும்ப மரத்துப்போறது இல்ல பலமில்லாம போறது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு கட்டுப்பாடு போறது, கெண்டைக்கால் வீங்கி வலிக்கறது, திடீர்னு மூச்சு வாங்கறது. இதுல எது வந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு விடாதீங்க, ராத்திரியா இருந்தாலும் கெளம்பிடுங்க, ஆபரேஷன் பண்ண எடத்துக்கே போன் பண்ணி சொல்லிட்டு.

பிஏசிக்கு அம்மாவ கூட்டிட்டுப் போற அன்னிக்கு வெறும் வயித்தோட போகணும்னு இல்ல, ரத்தம் எடுக்கறதுக்கு சொல்லியிருந்தா மட்டும்தான். நல்லா இட்லி சாப்பிட்டுட்டு மாத்திரைய போட்டுட்டு கெளம்புங்க. உள்ள போனதும் நீங்க பேசாதீங்க தம்பி, அம்மாவ பேச விடுங்க. 1992-லேருந்து அவங்க ஆரம்பிக்கட்டும்.